குறுநாடகத்துக்கு ஒரு கபாலம் போதும்

குறுநாடகம் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் இரண்டு பதில்கள் கிடைக்கின்றன. ‘அது கல்லூரி விழாக்களில் போடுவது’ என்பது ஒன்று. ‘முழு நாடகம் போட வசதியில்லாதவர்கள் போடுவது’ என்பது மற்றொன்று. முழு நாடகத்தின் குறைப்பிரசவமே குறுநாடகம் என்னும் எண்ணம் இரண்டிலும் ஒளிந்திருக்கிறது. சிறுகதையை யாரும் நாவலின் குறைப்பிரசவம் என்று சொல்வதில்லை. சிறுகதைக்கு ‘மணிக்கொடி’ கிடைத்தது, புதுமைப்பித்தன் கிடைத்தார், நூறாண்டு விமர்சன மரபும் கிடைத்தது. ஓரங்க நாடகத்துக்கோ ஆண்டு விழாவில் பரிசளிப்புக்கு முந்திய இருபது நிமிடம்தான் கிடைத்தது.

இந்த எண்ணத்தை மறுத்துச் சற்று விரிவாக எழுத வேண்டுமென்று நெடுநாளாக நினைத்திருந்தேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மொழியியல் படித்துவிட்டு முனைவர் பட்ட ஆய்வில் இருப்பவர்களுள் ஒருவன். நாடகத் துறையைச் சேர்ந்தவன் அல்லேன். ஆகவே ஒளியமைப்பு, அரங்கப் பொருள்கள், ஒப்பனை ஆகியவை பற்றி இங்கே அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். மேடையில் நிற்கும் மனிதர்கள் ஒருவரோடொருவர் எப்படிப் பேசுகிறார்கள், எங்கே பேச்சை நிறுத்துகிறார்கள் என்பதே என் அக்கறை.

நம் மண்ணின் பழைய சான்றொன்றிலிருந்து தொடங்கலாம். ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் காஞ்சியை ஆண்ட முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் எழுதிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ ஓரங்க நாடகம். மொழி தமிழன்று, சமஸ்கிருதமும் பிராகிருதமும் கலந்தது. ஆயினும் நிகழ்களம் காஞ்சி நகரத்துத் தெருக்கள். கதை என்று சொல்ல அதிகம் இல்லை. சத்தியசோமன் என்னும் காபாலிகனும் அவன் துணைவி தேவசோமையும் நன்றாகக் குடித்திருக்கிறார்கள். பிச்சைப் பாத்திரமாக அவன் வைத்திருந்த மண்டையோட்டைக் காணவில்லை. அதில் வறுத்த இறைச்சி இருந்தது, எனவே எடுத்தது நாயாக இருக்க வேண்டும் அல்லது பௌத்தத் துறவியாக இருக்க வேண்டும் என்பது அவன் தருக்கம். அந்த நேரம் பார்த்து நாகசேனன் என்னும் பௌத்தத் துறவி ஆடைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு போகிறான். சண்டை மூள்கிறது. தீர்த்துவைக்க ஒரு பாசுபதன் வருகிறான். கடைசியில் நாயிடமிருந்து கபாலத்தைப் பறித்த பித்தன் ஒருவன் அதை ஏந்திக்கொண்டு வந்து சேர்கிறான். அவ்வளவுதான்.

அந்த ஒரு பாத்திரத்தைச் சுற்றிக் காபாலிகமும் பௌத்தமும் பாசுபதமும் தத்தம் தத்துவங்களோடு தெருவில் இழுபறி செய்கின்றன. கபாலம் யாருடையது என்ற கேள்வியின் நிழலில் இவர்களுடைய துறவு யாருடையது என்ற கேள்வியும் எழுந்துவிடுகிறது. ஆனால் அதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. மேடையில் எல்லாரும் தேடுவது ஒரு மண்டையோட்டைத்தான். நல்ல குறுநாடகத்தின் முதல் இலக்கணம் இதுவென்று நினைக்கிறேன்: பாத்திரங்கள் கைக்கு எட்டக்கூடிய ஒரு பொருளைப் பற்றி மட்டுமே பேச வேண்டும். மற்றதைப் பார்வையாளர் தாமே நினைத்துக்கொள்வார். கேரளத்துச் சாக்கியார்கள் இந்நாடகத்தைக் கோயில்களில் நடித்துக் காத்துவந்தார்கள். நாமோ ‘மத்தவிலாசன்’ என்பது மன்னனின் பட்டப்பெயர் என்று தேர்வுக்குப் படித்ததோடு சரி.

கபாலத்தின் இடத்தில் வேறெதையும் வைக்கலாம். அமெரிக்க எழுத்தாளர் சூசன் கிளாஸ்பெல் 1916இல் எழுதிய ‘டிரைஃபிள்ஸ்’ ஓரங்க நாடகத்தில் அது இறந்துபோன ஒரு பாட்டுப்பறவை. கணவனைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட பெண்ணின் வீட்டில் ஆண்கள் மாடியிலும் தொழுவத்திலும் தடயம் தேடுகிறார்கள். அடுப்படியில் நிற்கும் இரண்டு பெண்கள் தையல் கூடையில் கழுத்து முறிந்த பறவையைக் கண்டு, கதையை முழுவதும் புரிந்துகொண்டு, அதை மறைத்தும் விடுகிறார்கள். குற்றம் சாட்டப்பட்டவள் மேடைக்கே வருவதில்லை. நாடகத்தின் மையத்தில் நிற்பவளை மேடைக்கு வெளியே நிறுத்தும் இந்தத் துணிவை முழுநீள நாடகத்தில் கட்டிக்காப்பது கடினம். குறுநாடகத்தில் அது இயல்பாக அமைந்துவிடுகிறது.

இனி மொழிக்கு வருகிறேன். இங்கேதான் சற்று நின்று பேச விரும்புகிறேன்.

பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் முடிய வேண்டிய நாடகத்துக்கு முன்கதை சொல்ல நேரமில்லை. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஒன்றின் நடுவில்தான் திரை விலக வேண்டும். நம் போட்டி நாடகங்கள் பலவும் தடுக்கி விழும் இடம் இது. முதல் நான்கு நிமிடம் யார், எவர், எந்த ஊர் என்னும் அறிமுகத்திலேயே போய்விடுகிறது. ‘நீ என் தம்பி முருகன், பத்து வருஷமா துபாய்ல இருக்கே’ என்று அண்ணன் தம்பியிடமே சொல்லும் வசனங்களை நாம் கேட்டிருக்கிறோம். எந்த அண்ணனும் அப்படிப் பேசுவதில்லை.

இதைத் தவிர்க்கத் தமிழ் நமக்குக் கொடுத்திருக்கும் கருவிகள் அபாரமானவை. ‘இன்னைக்கு அவன் வரல’ என்பது ஒரு செய்தி. ‘இன்னைக்கும் அவன் வரல’ என்றால், நேற்றும் வரவில்லை, எதிர்பார்த்திருக்கிறார்கள், ஏமாந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அந்த ஓர் ‘உம்’மில் அடங்கிவிடுகிறது. ‘இன்னைக்காவது வருவானா?’ என்றால் நம்பிக்கையும் களைப்பும் சேர்ந்தே ஒலிக்கின்றன. ‘அவன்தான் வரலயே’ என்றால் வேறு யாரோ வந்திருக்கிறார்கள், அவர்களை இவள் விரும்பவில்லை. ஒரு காட்சி முழுவதும் செலவழித்துச் சொல்ல வேண்டிய முன்கதையை இந்த இடைச்சொற்கள் ஓர் அசையில் சொல்லிவிடுகின்றன. மொழியியலில் இதனை முற்கோள் என்போம். கூற்றில் வெளிப்படையாகச் சொல்லப்படாமல், அது பொருள்படுவதற்கு முன்னதாகவே ஏற்றுக்கொள்ளப்பட வேண்டிய செய்தி அது. குறுநாடக ஆசிரியனின் உண்மையான மூலதனம் இதுவே. இலக்கண நூல்கள் பெயர்க்கும் வினைக்கும் பின்னால் நிறுத்திவைத்த இடைச்சொல்லுக்கு மேடையில் முதல் மரியாதை.

விளிகளும் அப்படியே. கணவன் மனைவியை ‘வாடி’ என்கிறானா, ‘வா’ என்கிறானா, ‘வாங்க’ என்கிறானா என்பதிலேயே பாதித் திருமணம் தெரிந்துவிடும். ‘வாடி’ என்று அழைத்துவந்தவன் ஒரு நாள் ‘வாங்க’ என்று அழைத்தால், ஒன்று கேலி, அல்லது பெரிய விபரீதம். எந்த விளக்கமும் தேவையில்லை. அரங்கு நிமிர்ந்து உட்காரும்.

இன்னும் கூர்மையான கருவி ‘நாம்’, ‘நாங்கள்’ என்னும் வேறுபாடு. கேட்பவரை உள்ளடக்கியது ஒன்று, விலக்கியது மற்றொன்று. நம்மைச் சுற்றிப் பேசப்படும் இன்றைய கன்னடத்தில் இரண்டுக்கும் ‘நாவு’ ஒன்றே. ஆங்கிலத்திலும் இவ்வேறுபாடு இல்லை. தமிழில் இரண்டு வரியில் ஒரு நாடகத்தையே முடிக்கலாம். தந்தையின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த வீடு. தம்பி கேட்கிறான்: ‘நாம எப்ப ஊருக்குக் கிளம்பணும்?’ அண்ணன் சொல்கிறான்: ‘நாங்க நாளைக்குக் காலையில கிளம்புறோம்.’ சொத்துத் தகராறு, அண்ணியின் மனக்கசப்பு, இனி தம்பிக்கு அந்த வீட்டில் இடமில்லை என்னும் முடிவு எல்லாம் ஒரு பிரதிப்பெயரில் வந்துவிட்டன. இதற்குமேல் தம்பியை அழவைத்துச் சோக இசையும் போட்டால், அந்த நாடகத்தைத் தன் மொழியை நம்பாத ஒருவர் எழுதியிருக்கிறார் என்றுதான் பொருள்.

இந்த நம்பிக்கை யாரிடம் இருந்தது என்று தேடினால், எனக்குப் பெங்களூரிலேயே ஒருவர் கிடைக்கிறார். டி. பி. கைலாசம். தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், நீதிபதி பரமசிவ ஐயரின் மகன், லண்டனில் நிலவியல் படித்தவர். எழுதியதோ கன்னடத்தில். 1945இல் சென்னையில் நடந்த கன்னட இலக்கிய மாநாட்டுக்குத் தலைமை வகித்தவரும் அவரே. தமிழ் வீட்டுப் பிள்ளை ஒருவர் தமிழகத்தின் தலைநகரில் கன்னட மாநாட்டுத் தலைவராக அமர்ந்த அந்தக் காட்சியை, ‘யாருடைய மொழி யாருக்கு’ என்று இன்று சண்டையிடும் இரு தரப்பாரும் ஒரு கணம் நினைத்துப் பார்க்கலாம். 1946இல் மறைந்தார்.

கைலாசத்துக்கு முன் கன்னட மேடையில் நாடகக் கம்பெனிகளின் புராணக் கதைகளும் பாட்டுகளும் கோலோச்சின. அவர் மேடைக்குக் கொண்டுவந்தது பெங்களூர், மைசூர் நடுத்தர வீடுகளின் கூடத்தை. பாத்திரங்கள் பேசியது ஆங்கிலம் தாராளமாகக் கலந்த வீட்டுக் கன்னடம். தூய்மைவாதிகள் முகம் சுளித்தார்கள். மக்கள் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். தம் நாடகங்களை அவர் பேசிக்காட்ட, நண்பர்கள் எழுதிக்கொண்டார்கள் என்பர். எழுதுகோல் வழியாக வராமல் நாக்கின் வழியாக வந்த வசனம் என்பது கேட்கும்போதே தெரிகிறது. அவருடைய புகழ்பெற்ற ‘டொள்ளு கட்டி’ நாடகத்தின் தலைப்பைத் தமிழர்கள் மொழிபெயர்ப்பின்றியே புரிந்துகொள்ளலாம். ‘டொள்ளு’ நம் ‘தொள்ளை’யின் உறவு, ‘கட்டி’ நம் ‘கெட்டி’. பொள்ளலா, கெட்டியா என்பதே கேள்வி. தேர்வில் வெல்லும் பிள்ளை ஒருவன், படிப்பில் தோற்று வீட்டாரின் துன்பத்தில் தோள்கொடுக்கும் பிள்ளை மற்றொருவன். இன்றைக்கும் பெங்களூரில் எந்த அடுக்ககத்திலும் இந்த நாடகத்தைப் போடலாம்; பயிற்சி நிலையத்தின் பெயரை மட்டும் மாற்ற வேண்டியிருக்கும்.

தமிழில் இதற்கு இணையான தொடக்கம் பம்மல் சம்பந்த முதலியாரிடம் இருந்தது. 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியவர் அவர். ‘சபாபதி’ நகைச்சுவை நாடகத்தில் வரும் வேலைக்காரன், எஜமானனின் சொல்லை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றிக் காரியத்தைக் கெடுப்பவன். சொல்லின் பொருளும் சொல்பவரின் கருத்தும் வேறு வேறு என்பதை விளக்க நாங்கள் வகுப்பில் மேல்நாட்டுக் கோட்பாடுகளை மணிக்கணக்காகப் படிக்கிறோம். சபாபதி ஐந்து நிமிடத்தில் அதைச் செய்துகாட்டுவான். பின்னர் ந. முத்துசாமியின் ‘காலம் காலமாக’ ‘நடை’ இதழில் வந்தது. ‘நாற்காலிக்காரர்’, ‘சுவரொட்டிகள்’ போன்றவை வந்தன. 1977இல் கூத்துப்பட்டறை, 1978இல் ஞாநியின் பரீக்‌ஷா என்று ஒரு பெரும் அலையே எழுந்தது. முத்துசாமியின் பாத்திரங்கள் பேசும் தமிழ் பார்வைக்கு அன்றாடத் தமிழ்தான். ஆனால் யாரும் யாருக்கும் பதில் சொல்வதில்லை. அந்தப் பதிலின்மையை மேடையில் தாங்கிப்பிடிக்க நடிகனின் உடல் வேண்டும் என்பதாலேயே அவர் தெருக்கூத்தை நோக்கிப் போனார் என்று எனக்குத் தோன்றும். இது என் ஊகம். நாடகத் துறை நண்பர்கள் மறுக்கலாம்.

இதையெல்லாம் லிங்கராஜபுரத்தில் உட்கார்ந்துகொண்டு நான் ஏன் எழுதுகிறேன் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. எங்கள் தெருவில் தமிழ் பேசும் வீடுகள் நிறைய. அவ்வீடுகளின் பிள்ளைகளுள் தமிழ் எழுத்தைச் சரளமாகப் படிப்பவர்களை எண்ண எனக்கு இரண்டு கைகள் தேவைப்பட்டதில்லை. பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் படிக்கிறார்கள். சிலர் மூன்றாவதாக இந்தி எடுத்துக்கொள்கிறார்கள். தமிழ் அவர்களுக்குக் காதிலும் நாவிலும் மட்டுமே இருக்கும் மொழி. தமிழின் கவிதையும் நாவலும் சிறுகதையும் கட்டுரையும் அவர்களுக்குப் பூட்டிய வீடு. ஆனால் மேலே சொன்ன ‘உம்’மும் ‘ஆவது’வும் ‘நாம’வும் ‘நாங்க’வும் அவர்களிடம் குறைவில்லாமல் இருக்கின்றன. எழுத்தறியாமலே ஒருவர் முழு உரிமையோடு நுழையக்கூடிய தமிழ் இலக்கிய வடிவம் மேடை ஒன்றுதான். அதிலும் இரண்டரை மணிநேர வசனத்தை மனப்பாடம் செய்ய அவர்களால் இயலாது. பதினைந்து நிமிடம் இயலும். குறுநாடகம் எங்களுக்குப் பொழுதுபோக்கைவிடச் சற்றுக் கூடுதலான ஒன்று.

இதனால்தான் சென்ற ஆண்டு இந்நகரத்துக் கல்லூரி ஒன்றின் விழாவில் நாடகப் போட்டிக்கு நடுவராகச் சென்றபோது கையில் தரப்பட்ட மதிப்பெண் தாள் என்னை வருத்தியது. ‘சமூகக் கருத்து’க்கு 40, ‘உச்சரிப்புத் தூய்மை’க்கு 20, மற்றவை எஞ்சிய 40க்குள். ஆறு குழுக்கள் நடித்தன. ஆறிலும் யாரோ ஒருவர் கடைசியில் முன்மேடைக்கு வந்து, கைகட்டி நின்று, நமக்கு அறிவுரை சொன்னார். ஒத்திகை அறையில் ‘டேய் மச்சா, லைட் ஆஃப் பண்ணுடா குரு’ என்று பேசிக்கொண்டிருந்த மாணவர்கள் மேடையேறியதும் ‘தந்தையே, தாங்கள் செய்வது முறையா?’ என்றார்கள். அந்த ‘மச்சா… குரு’வில் இருந்த பெங்களூர்த் தமிழ் வாழ்க்கை முழுவதும் திரைக்குப் பின்னாலேயே நின்றுவிட்டது. செந்தமிழுக்கு நான் எதிரியல்லேன். இந்தப் பதிவையே அதில்தான் எழுதுகிறேன். ஆனால் எழுத்தில் அமைந்த நடையை அடுப்படியில் நிற்கும் பாத்திரத்தின் வாயில் திணிப்பது, குளியலறைக்குப் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு போவதைப் போன்றது.

‘அப்படியானால் கருத்தே கூடாதா?’ என்று உடன் வந்த பேராசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. சப்தர் ஹாஷ்மியும் அவருடைய ஜன நாட்டிய மஞ்சும் 1978இல் போட்ட ‘மெஷின்’ தெருநாடகம் ஏறத்தாழ 13 நிமிடம். சைக்கிள் நிறுத்த ஓரிடமும் தேநீர் அருந்த ஓரிடமும் கேட்ட ஆலைத் தொழிலாளர்கள் சுடப்பட்ட நிகழ்விலிருந்து பிறந்தது. கருத்து அதில் ஒளிவுமறைவின்றி இருக்கிறது. ஆனால் நினைவில் நிற்பது நடிகர்களின் உடல்களே ஒன்றுசேர்ந்து இயந்திரமாகி ஓசையோடு இயங்குவதும், திடீரென அது நின்றுபோவதும்தான். கருத்துக்கு அங்கே ஓர் உடல் கிடைத்திருக்கிறது. சைக்கிள் நிறுத்துமிடம் என்பதும் கவனிக்கத்தக்கது. ‘உழைப்புச் சுரண்டல்’ என்று தொடங்காமல் சைக்கிளில் தொடங்குகிறார்கள். அதுவும் கபாலத்தின் இனம்தான். 1989 ஜனவரி முதல் நாள், டெல்லிக்கு அருகே சாகிபாபாத்தில், வேறொரு தெருநாடகத்தை நடித்துக்கொண்டிருந்தபோது ஹாஷ்மி தாக்கப்பட்டு, மறுநாள் இறந்தார். குறுநாடகத்தை விளையாட்டாக எண்ணாதவர்கள் அதன் எதிரிகளிடையேயும் இருந்தார்கள்.

இப்போது பரவலாகிவரும் பத்து நிமிட நாடக விழாக்களைப் பற்றியும் ஒரு சொல். 2002இல் சிட்னியில் தொடங்கிய ‘ஷார்ட் அண்ட் ஸ்வீட்’ விழா இந்திய நகரங்களுக்கும் வந்து சேர்ந்தது. பல இளைஞர்கள் அதனால் எழுதத் தொடங்கினார்கள், நல்லது. ஆனால் கடிகாரத்தோடு சேர்ந்து ஒரு நோயும் வந்துவிட்டது. அது கடைசி நொடித் திருப்பம். காதலி என்று நினைத்தோமே, அவள் பேய். பேட்டி எடுப்பவன் என்று நினைத்தோமே, அவன்தான் கொலையாளி. முதன்முறை கைதட்டலாம். மறுநாள் அதே நாடகத்தைப் பார்க்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். மத்தவிலாசத்தில் கபாலம் கிடைத்துவிடும் என்று தெரிந்த பிறகும் பதினான்கு நூற்றாண்டுகள் கழித்து நாம் சிரிக்கிறோம். சாமுவேல் பெக்கெட் 1965இல் எழுதிய ‘கம் அண்ட் கோ’வில் சுமார் 120 சொற்களே உள்ளன. ஓர் இருக்கையில் மூன்று பெண்கள். ஒருத்தி எழுந்து போகும்போதெல்லாம் மற்ற இருவர் அவளைப் பற்றிக் காதோடு ஏதோ சொல்லிக்கொள்கிறார்கள். மூவருக்கும் அது நடக்கிறது. என்ன சொன்னார்கள் என்பது கடைசிவரை நமக்குக் கேட்பதில்லை. இரகசியத்தை உடைத்து முடிப்பது திருப்பம். இதில் இரகசியம் உடையாமல் நம்மோடு வீட்டுக்கு வருகிறது.

பார்ப்பவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. ஜே. பி. நகரில் 2004இல் திறக்கப்பட்ட ரங்கசங்கராவில் நாடகம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடுவதில்லை. லிங்கராஜபுரத்திலிருந்து நகரின் மறுமுனைக்குப் போய்ச்சேர்வதற்கு ஹென்னூர்ச் சாலையின் தயவு வேண்டும் என்பதால், அந்த விதியை நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் விதி சரியானது. பதினைந்து நிமிட நாடகத்தில் மூன்று நிமிடம் தாமதமாக வருபவர் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடுகிறார். முதல் வரியின் ‘உம்’ அவருக்குக் கேட்டிருக்காது. பிறகு ‘ஒன்றும் புரியவில்லை’ என்பார்.

ஒரு வேண்டுகோளோடு நிறுத்திக்கொள்கிறேன். எங்கள் பகுதித் தேவாலயங்களில் கிறிஸ்துமஸையொட்டியும், தமிழ் மன்றங்களில் பொங்கலையொட்டியும், ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளிலும் பல்லாண்டுகளாகத் தமிழ்க் குறுநாடகங்கள் நடந்துவந்திருக்கின்றன. அச்சேறியவை மிகக் குறைவு. திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுத்தவர்களின் நோட்டுப் புத்தகங்களில்தான் அவை இருக்கின்றன. அப்படியொரு நோட்டை அண்மையில் பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர் காட்டினார். தமிழ் வசனம் முழுவதும் கன்னட எழுத்தில் இருந்தது. நடித்த பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாததால் அப்படி எழுதினாராம். கன்னட எழுத்தில் ‘ழ’ இல்லை. அதனால் ‘ழ’ வரும் இடங்களிலெல்லாம் ‘ள’ எழுதி, கீழே சிவப்பு மையால் கோடிட்டிருந்தார். உங்கள் வீட்டுப் பரணில் இப்படி எது இருந்தாலும், எந்த எழுத்தில் இருந்தாலும், பழைய தாள்காரருக்குப் போடுமுன் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். நானே வந்து படமெடுத்துக்கொண்டு, நோட்டை உங்களிடமே தந்துவிடுகிறேன். லிங்கராஜபுரம், கம்மனஹள்ளி, காக்ஸ் டவுன், பிரேசர் டவுன் என்றால் நடந்தே வருவேன்; கோலார் தங்கவயல் என்றால் ரயிலில்.